வைப்பர் மோட்டாரும் வடக்கு வாசலும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆன்டெனாவைத் திருப்பும் ஜப்பான் மோட்டார் இல்லாமல் செயற்கைக்கோள் வழியாகத் தனியாளாகப் பேசவே முடியாது என்று அமெச்சூர் ரேடியோ சங்கத்தில் சுப்ரமணியன் சார் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை அஸ்தினாபுரத்துல எங்க வீட்டுக்கு வாங்க சார், பேசிக் காட்டறேன். முடியலைன்னா என் டிரான்ஸ்மிட்டரை நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெட்டிமேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை முடிந்து வந்து, ஒரு வருஷம் உட்கார்ந்து நான் கையால் கட்டியது அது.

செயற்கைக்கோள் கால் மணி நேரத்தில் வானத்தைக் கடந்துவிடும். அது போகிற பக்கமெல்லாம் ஆன்டெனா திரும்ப வேண்டும். எனக்கு ஒரு கை மைக்கில், ஒரு கை டயலில். மூன்று வருஷமாக என் வீட்டுக்காரர் சம்பத்தான் மொட்டை மாடியில் நின்று கம்பத்தைக் கையால் திருப்பினார். 'ஏரிப்பக்கம், இன்னும் கொஞ்சம்' என்று கீழேயிருந்து கத்துவேன். இப்போது லாரி ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு மாலை ஷிப்டு. ஜப்பான் மோட்டார் விலைக்கோ ஒரு ஸ்கூட்டரே வாங்கலாம்.

டேபிள் ஃபேன் கியரைப் பொருத்திப் பார்த்தோம், முதல் காற்றிலேயே பல் உடைந்தது. கடைசியில் பழைய லாரி வைப்பர் மோட்டாரை சைக்கிள் செயினால் கம்பத்தோடு இணைத்தார். மேலும் கீழும் அசைக்க இன்னொரு மோட்டார் வேண்டுமென்று நான் அடம்பிடித்தேன்.

"அதெல்லாம் வாணாம். ஆன்டெனாவைக் கொஞ்சம் மேல்பக்கம் சாய்ச்சு நிக்க வெச்சிடு, போதும்" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டாவது படித்த மனுஷன் சொன்னது சரிதான். கம்பத்தடியில் ரேடியோ வால்யூம் குமிழ் ஒன்றைப் பொருத்தினோம். கம்பம் திரும்பினால் அதுவும் சுழன்று, என் மேசையில் மீட்டர் முள் திசையைக் காட்டும். வடக்கைக் குறிக்க, கடன் வாங்கிய திசைகாட்டியை மோட்டார்மேல் வைத்துப் பார்த்துக் கம்பத்தை இறுக்கினார்.

ஞாயிறு மாலை சார் வந்தார். சம்பத்துக்கும் அன்று லீவு. ஐந்து பத்துக்குச் செயற்கைக்கோள் எழுந்தது. அது போகும் பாதைப் பட்டியலில் போட்டிருந்த திசைப்படி மோட்டார் சுவிட்சைத் தட்டி முள்ளை நகர்த்தினேன். இரைச்சல், வெறும் இரைச்சல். கால் மணி நேரம் போயே போச்சு. சார் என் பெட்டியைத் தடவிப் பார்த்தார். ஆறு ஐம்பத்தைந்துக்கு இன்னொரு சுற்று, அதோடு சரி.

முள்ளை வடக்கில் விட்டுவிட்டு ஆத்திரமாக வாசலில் போய் நின்று மேலே பார்த்தேன். ஆன்டெனா பக்கத்து வீட்டு கங்கம்மாவின் தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வடக்குப் பார்த்த வாசல்தான் வேண்டுமென்று மாமியார் ஒற்றைக் காலில் நின்று வாங்கிய மனை இது. மேஸ்திரி கயிறு கட்டி, சூரியனைப் பார்த்து வைத்த வாசல். வடக்கு வாசலுக்கு நேரே தெருவில் இருந்தது, தென்னையில் இல்லை.

நான் சொன்னதும் மூன்று பேரும் மாடியேறினோம். சார் திசைகாட்டியை அதே மோட்டார்மேல் வைத்தார். "இது பொய் சொல்லாதும்மா. உங்க வாசல்தான் கோணலா இருக்கும்."

வீட்டுக்கு வந்து வாசலைக் குறை சொன்னால் யார்தான் சும்மா இருப்பார்கள்? திசைகாட்டியைப் பிடுங்கிக்கொண்டு மாடியின் அந்தக் கோடிக்குப் போனேன். முள் மெதுவாகத் திரும்பித் தெருவைக் காட்டியது. சம்பத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மோட்டாருக்குள்ள காந்தம் கீது. ஒர்க்‌ஷாப்ல ஸ்குரூவெல்லாம் இதுலதான் ஒட்டிகினு இருக்கும்."

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். கம்பத்தைத் தளர்த்தி, வாசலுக்கு நேராக நிறுத்தி, மறுபடி இறுக்கினார்.

ஆறு ஐம்பத்தைந்து. ஒரு விரலால் சுவிட்சைத் தட்டினேன். மேலே செயின் உருண்டது. மைக்கில் கூப்பிட்டதும், வானத்துக்குப் போய்த் திரும்பிய என் குரலே ஹெட்போனில் கேட்டது. உடம்பெல்லாம் புல்லரித்தது. அதன் பின்னால் ஒரு ஆண்குரல், தாஷ்கண்டிலிருந்து, உடைந்த இங்கிலீஷில். சார் பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் கேட்பதையே தாஷ்கண்ட்காரரும் கேட்டார். ஆன்டெனாவை எதனால் திருப்புகிறீர்கள்? இத்தனை நாளும் நான் சொன்ன பதில் 'என் கணவர்' என்பதுதான். திரும்பிப் பார்த்தேன். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சம்பத் கதவோரம் நின்றார். நான் பேசும்போதெல்லாம் மாடியில் நின்ற மனுஷன், ஒரு பேச்சைக்கூடக் கேட்டதில்லை. பக்கத்தில் இழுத்து ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவர் காதில் வைத்தேன். லாரி வைப்பர் மோட்டார், செய்தது சம்பத் என்று மைக்கில் சொன்னேன்.

அவருடைய பெயர் மேலே போய் அவர் காதுக்கே திரும்பி வந்தது. சம்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னொரு தபா சொல்லு" என்றார்.

செயற்கைக்கோள் மறைய நான்கு நிமிஷம் இருந்தது. மறுபடி சொன்னேன்.