நாலு டன் நிழல்

கம்பி வடம் அறுந்த பிறகும் அந்த நாலு டன் இரும்பு உத்தரம் கீழே விழவில்லை. காலை பதினொன்று பத்துக்குக் கிரேன் கொக்கியிலிருந்து விடுபட்டு, கிரேனுக்குக் கைச்சைகை காட்டும் சிக்னல்காரரின் தலைக்கு மேல் பன்னிரண்டு அடி உயரத்தில் நின்றது. அவர் ஓரடி நகர்ந்தார், அதுவும் நகர்ந்தது. ஓடினார், ஓடியது. ஷிஃப்ட் முடிந்து அவர் பஸ் ஏறியபோது பஸ்ஸுக்கு மேலே வந்தது. கண்டக்டர் ஒரு லக்கேஜ் டிக்கெட் கூடுதலாகக் கிழித்தார்.

வடங்களைச் சோதிப்பது அவர் மனைவியின் வேலை. யார்டில் ஸ்டோர் அவள் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வடத்தையும் விரலால் தடவி, அறுந்த இழைகளை எண்ணி, நல்லதற்கு மட்டும் ஒரு வண்ணப் புள்ளி வைக்க வேண்டும். அந்த முறைக்குப் பச்சை. அன்று நாற்பது வடங்கள் இருந்தன. வாசலில் ஆட்கள் வடம் கேட்டு அவசரப்படுத்தினார்கள். முதலில் எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்துவிடலாம், காய்வதற்குள் சோதித்துவிடலாம் என்று நினைத்தாள். பெயின்ட் சீக்கிரம் காய்ந்துவிட்டது. அறுந்தது அந்த நாற்பதில் ஒன்று. கிரேன் ஓட்டியவர் அவளுடைய அண்ணன். சுமைக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாதென்று அவருக்கும் தெரியும். மாப்பிள்ளைதானே, நகர்ந்துகொள்வார் என்று லிவரை இழுத்திருந்தார்.

மறுநாள் வேறு வடம் கட்டி இறக்கச் சொன்னார்கள். அண்ணன் மறுத்தார்.

"கீழ ஆள் நிக்கிறப்ப இனிமே லிவரத் தொட மாட்டேன். மாப்பிள்ளைய நகரச் சொல்லுங்க."

"நகந்தா கூடவே வருதே மச்சான்! உங்க தங்கச்சிகூட இப்படி ஒட்டிக்கிட்டதில்ல."

தெரு பழகிக்கொண்டது. மழை வந்தால் தபால்காரர் அதன் கீழ் ஒதுங்கினார். ஆனால் அவசரத்தில் அவள் ஒரு வடத்தைப் பார்க்காமல் அனுப்பிய அன்று உத்தரம் ஒரு சாண் இறங்கியது. முதல் வருடத்தில் அப்படி மூன்று முறை நடந்தது. அதன்பின் அவர் தரையில் படுத்தால் அதுவும் கூடவே தாழ்ந்து, கூரைத் தகடு முனகியது. உயரமான கட்டில் வாங்கினார்கள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றுமுதல் அவள் விரல் படாத வடம் ஸ்டோரை விட்டு வெளியே போகவில்லை. கழித்த வடத்தை யாரும் திரும்ப எடுக்காதபடி இரண்டாக வெட்டிப் போட்டாள்.

"அக்கா, வடம் பாக்கறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா?" என்று வாசலில் கத்தினார்கள்.

"எதுல அவசரப்பட்டாலும் உன் தலையிலதான்டா விழும்," என்றாள்.

உத்தரம் மேலும் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. மூன்றாம் வருடம் மகள் பிறந்தாள். தன் தலைக்கு மேல் இருப்பது அவள் தலைக்கு மேலும் வருமென்று அவர் குழந்தையைத் தூக்கவில்லை. மனைவியும் குழந்தையும் எதிர்வரிசையில் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அவர் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று கதை சொல்வார், அந்தப் பக்கத்திலிருந்து மகள் கேட்பாள். இரண்டு வயதாகும்வரை அவளுக்கு அப்பா என்றால் சத்தமாகப் பேசுகிறவர்.

ஐந்தாம் வருடம் மனைவி ஒரு வடத்தை எடுத்து ஒரு வாரம் சோதித்தாள். பிறகு அண்ணனிடம் போனாள்.

"தூக்க வேணாம்ணே. இறக்கவும் வேணாம். புடிச்சுக்கிட்டா போதும். அவர் நடந்து வந்துருவார்."

"இத அஞ்சு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நான் வச்ச புள்ளிய நானே நம்பணும்ல."

இருவர் சாரத்தில் ஏறி வடத்தைக் கட்டினார்கள். கொக்கி இறங்கி மாட்டியது, வடம் விறைத்தது. சிக்னல்காரர் கையை நீட்டி 'நிறுத்து' காட்டினார். ஓரடி வைத்தார். உத்தரம் அசையவில்லை. பத்தடி. இருபதடி. பாதுகாப்புக் கோட்டுக்கு வெளியே நின்றிருந்த மகளைத் தூக்கினார். மீசை குத்தியதால் அவள் அழுதாள், அவர் இறக்கிவிடவில்லை. ஒரு கையில் அவளை வைத்துக்கொண்டு மறுகையால் 'இறக்கு' என்று காட்டினார். உத்தரம் மரக்கட்டைகளின் மேல் சத்தமின்றி உட்கார்ந்தது.

வேலைத்தாளில் தொடக்க நேரத்துக்கும் முடிந்த நேரத்துக்கும் நடுவே ஐந்து வருடம் இருந்தது. தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் மனைவி 'வடம் சோதனை' என்று எழுதினாள். பாதுகாப்பு அதிகாரி படித்தார், சரிதான் என்று கையெழுத்திட்டு, அடுத்த தாளைப் புரட்டினார்.