மேலே போனால் மட்டும்

கூடப் பிறந்தவன் சொல்லும் 'ஓடும்' என்ற ஒரே சொல்லை நம்பி, செங்குத்தான பலகைச் சுவரில் நீங்கள் மோட்டார் சைக்கிள் ஏற்றுவீர்களா? அக்கா ஏற்றுவாள். பல வருஷமாக அப்படித்தான். அன்று தம்பி பயந்ததும் அதனால்தான்.

பொருட்காட்சித் திடலில் மரணக் கிணறு காட்டும் கம்பெனி அது. பெரிய பீப்பாய் மாதிரி பலகையால் கட்டிய வட்டச் சுவர். ஜனங்கள் மேலே விளிம்பைச் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பார்கள். அக்கா அடியிலிருந்து கிளம்பி, சுற்றிச் சுற்றி வேகமெடுத்து, சுவரிலேயே ஏறி, அவர்கள் மூக்குக்கு நேரே வந்து போவாள். வண்டி அவர்கள் அப்பா பிறப்பதற்கும் முந்தியது. இரட்டை சிலிண்டர். காலையில் இருமும், வெயிலில் முனகும், என்ன செய்தாலும் குறை சொல்லும். அதனால் அதற்குப் பெயர் மாமியார். மாமியாருக்கு மெக்கானிக் தம்பி. கம்பெனியில் எல்லோருக்கும் அவன் ஸ்பேனர்.

முந்தின நாள் காட்சியில் அக்கா சுவரின் உச்சியில் வரைந்திருக்கும் மேல்கோட்டைத் தொட்டதும் இடது சிலிண்டர் செத்துப்போனது. தடதடவென்ற சத்தம் சட்டென்று பாதியாகி, டொப்பு டொப்பு என்று நொண்டியது. வேகம் விழுந்தால் சுவர் பிடிக்காது, கல் மாதிரி விழ வேண்டியதுதான். எப்படியோ சரித்துச் சரித்து இறக்கிவிட்டாள். தரைக்கு வந்ததும் வண்டி இரண்டு சிலிண்டரிலும் ஜம்மென்று ஓடியது.

"நடிக்குதுடா இது," என்று அக்கா சிரித்தாள். உதடு மட்டும் வெளுத்திருந்தது.

அன்று விடிந்ததிலிருந்து அவன் வண்டியடியில்தான் கிடந்தான். இடது பிளக்கை வலதில் போட்டான், வலதை இடதில் போட்டான். பிளக்கில் குறையிருந்தால் நொண்டல் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். எந்தப் பக்கமும் நொண்டவில்லை. கார்பரேட்டரைப் பிரித்து ஜெட்டை ஊதினான். பாயின்ட்டைத் தேய்த்தான். டேங்குக்கு அடியில் தொங்கும், பிளக்குக்குக் கரண்ட் அனுப்பும் இரண்டு காயிலையும் தொட்டுப் பார்த்தான். வயர் இறுக்கமாகத்தான் இருந்தது. ஸ்டார்ட் செய்து இரண்டு சைலன்சர் குழாயிலும் தண்ணீர் தெளித்தான். இரண்டுமே சுர்ரென்றன, அதாவது இரண்டு சிலிண்டரும் எரிந்தன.

கோளாறு கண்ணில் பட்டுவிட்டால் பயமில்லை. அது எங்கேயோ ஒளிந்து உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் பயம்.

முதலாளி கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு வந்தார். "என்னப்பா ஸ்பேனர், மாமியார் சமாதானமாயிட்டாங்களா?"

"கீழ நல்லாத்தாண்ணே ஓடுது."

"அப்புறம் என்ன? நல்லா இருக்கறதைப் போட்டு நோண்டிக்கிட்டே இருக்காதே. வெளிய கூட்டத்தைப் பாத்தியா இல்லையா?"

அவர் பின்னாலேயே அக்கா வந்தாள், கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே. தினமும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள். "ஓடுமாடா?"

அவன் வேண்டாம் என்றால் அவள் ஏற மாட்டாள். அது இருவருக்கும் உள்ள பேச்சு. 'தெரியலக்கா' என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் என்ன கோளாறு என்று கேட்டால் விரல் நீட்டிக் காட்ட ஓர் இடம் வேண்டாமா? முதலாளி வேறு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஓடும்," என்றான்.

"மூஞ்சி ஏன்டா பேயறஞ்ச மாதிரி இருக்கு?"

"தூக்கமில்லக்கா."

"மேல போறவ நானு, தூக்கமில்லாதது இவனுக்காம்!" வழக்கம்போல இரண்டு கம்மலையும் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். "பத்திரம். போன தடவை மாதிரி நட்டு டப்பாவுல போட்டுத் தொலைக்காதே."

அவன் படியேறி விளிம்புக்குப் போய், கூட்டத்தோடு கூட்டமாக நின்றான். கீழே கதவு சாத்தப்பட்டது. மாமியார் உறுமியது. அக்கா அடிச்சரிவில் ஒரு சுற்று வந்தாள், இன்னொரு சுற்று வந்தாள், அப்படியே சுவரில் ஏறினாள். பலகை அதிர்ந்தது. அவன் பார்க்கவில்லை, காதால்தான் எண்ணிக்கொண்டிருந்தான். தடதட, தடதட. இரண்டும் இருக்கிறது. இன்னும் இரண்டும் இருக்கிறது.

மூடிய கைக்குள் கம்மல் வியர்வையில் வழுக்கியது. இறகு மாதிரிக் கம்மல். இதை எதற்குக் கழற்றுகிறாய் என்று எப்போதோ கேட்டிருக்கிறான். "மேல போனா எல்லாமே கனக்கும்டா. கன்னம் தொங்கிப்போகும், கை ஈயமாயிடும். இத்துனூண்டு கம்மல் காதையே அறுத்துடும் போல இழுக்கும்."

எல்லாமே கனக்கும்.

எல்லாமே என்றால் காயிலும்தானே? இரும்புக் குண்டு மாதிரி இருக்கும் அது, கிழட்டு ரப்பர் ஒன்றின் தயவில் தொங்குகிறது. தரையில் அந்த ரப்பர் தாங்கும். மேலே காயிலின் கனம் கூடினால் ரப்பர் இழுபட்டு, காயில் தழைந்து, அதன் முனை பிரேமில் முட்டும். கரண்ட் பிரேமுக்குள் இறங்கிவிடும். இடது பக்கம் செத்துவிடும். அவன் தொட்டுப் பார்த்தான். அழுத்திப் பார்க்கவில்லை.

கத்தினான். அந்தச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

ஜனங்கள் கைக்குட்டையை நீட்ட ஆரம்பித்திருந்தார்கள். மேல்கோட்டுக்கு வந்ததும் ஒரு கையை விட்டு அதைப் பறித்துக்கொண்டு போவது அக்காவின் வித்தை. அவன் விளிம்புக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினான்.

"யோவ், விழுந்து சாகப் போறியா!" யாரோ அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார்கள்.

கைக்குட்டைகளுக்கு நடுவே அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அதில் இரண்டு கம்மல். இன்னொரு கையால் கீழே, கீழே என்று காற்றை அழுத்தினான். அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். கை கைப்பிடியை விட்டு எழுந்தது. கம்மலைப் பார்த்தாள். அவள் இறங்கிய பிறகுதான் அந்தக் கம்மல் அவள் கண்ணில் படும், ஒரு நாளும் இப்படி நடுவில் வந்ததில்லை. சிரிப்பு நின்றது. எழுந்த கை திரும்பிக் கைப்பிடிக்குப் போய் வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பியது.

அதே நொடி சத்தம் பாதியானது. டொப்பு டொப்பு.

வண்டி சுவரில் வழுக்கியது. பின் சக்கரம் பலகையைக் கிறீச்சென்று கீறிக்கொண்டு இறங்கியது. அதுவும் வித்தைதான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. ஒரு கம்மல் நழுவிக் கிணற்றுக்குள் விழுந்ததும் அவனுக்குத் தெரியவில்லை. அக்கா முன்பே கீழ்நோக்கித் திருப்பியிருந்தாள். அந்தக் கொஞ்சம்தான் காப்பாற்றியது. அடிச்சரிவைத் தொட்டு, ஒரு முறை ஆடி, நிமிர்ந்து நின்றாள். மாமியார் ஒன்றும் தெரியாதது போல இரண்டு சிலிண்டரிலும் தடதடத்தது.

அவன் படியில் எப்படி இறங்கினான் என்று அவனைக் கேட்டால் தெரியாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் இடது காயிலை அழுத்தினான். டொப்பு டொப்பு. எடுத்தான். தடதட. மறுபடி அழுத்தினான்.

அக்கா எஞ்சினை அணைத்தாள். "இது தெரிஞ்சுதான் ஓடும்னியா?"

"தெரியாமத்தாங்க்கா சொன்னேன்."

"அது இதைவிட மோசம்டா."

அக்கா கையுறையைக் கழற்ற முயன்றாள். வியர்வையில் ஒட்டிக்கொண்டு அது கழலவில்லை. அவன்தான் இழுத்துக் கழற்றினான்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லேன்டா," என்றாள், குரலைத் தாழ்த்தி. "நான் கீழயே உக்காந்து டீ குடிச்சிட்டுப் போறேன்."

மேலிருந்து முதலாளி கத்தினார், அடுத்த காட்சி எப்போது என்று. இருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று அடுத்த காட்சி இல்லை.

மறுநாள் காலை அவன் காயிலுக்குப் புது ரப்பர் வைத்து, மேலே ஓர் இரும்புப் பட்டையும் போட்டு முடுக்கினான். அக்கா ஓடுமா என்று கேட்டாள். கீழே ஓடும், மேலே தெரியாது என்றான். அவள் மிச்சமிருந்த ஒற்றைக் கம்மலைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, ஆளில்லாத கிணற்றில் மேல்கோடு வரை போய் இறங்கினாள். இரண்டு சிலிண்டரும் ஓடின.