ஒன்று மட்டும் சந்தேகம்

1

இந்தக் கதை ஒரு பத்திரிகை விளம்பரத்திலிருந்து வந்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அப்பாவின் பட்டாம்பூச்சித் தொகுப்பு விற்பனைக்கு. நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்று மட்டும் சந்தேகம்." கீழே தொலைபேசி எண். விற்க வந்தவர் தன் சரக்கைத் தானே சந்தேகிப்பதை நான் அதுவரை கண்டதில்லை. அழைத்துக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கதை அவர்களுடையதாகிவிடும். அந்தத் துண்டைப் பணப்பையில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் சும்மா இருந்தேன்.

2

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது அவள் அப்பாவின் அறையை"

(வேண்டாம். அப்பா இறந்த கதைகளில் வெயில் அடிப்பதே இல்லை.)

வெயிலோடு தொடங்குகிறேன். மதிப்பீட்டாளர், நரைத்த குட்டை முடி வைத்த ஓர் அம்மாள், அறைக்குள் வந்ததும் முதல் வேலையாகத் திரையை இழுத்து மூடினார்.

"வெயில்தாம்மா இதுங்களுக்கு எமன். சாயமே போயிடும்."

இறந்தவரின் மகள் பக்கத்தில் நின்றாள். சின்ன வயதில் அப்பா அவளுக்கு வைத்த பட்டப்பெயர் வாயாடி. இப்போது ஐம்பத்திரண்டு வயது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள். ஆனாலும் இங்கே வாயாடி என்றே கூப்பிடுவேன். காரணம் வரும்.

இழுப்பறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பாச்சை உருண்டை வாசனை. ஒவ்வொரு பூச்சியின் நெஞ்சிலும் ஓர் ஊசி. அதே ஊசியில் கீழே நகமளவு சீட்டு: எங்கே, என்றைக்கு, யார் பிடித்தது. மதிப்பீட்டாளர் இறக்கையை விட்டுச் சீட்டைத்தான் படித்தார்.

"அழகு எல்லாத்துக்கும் இருக்கு. சீட்டு இருந்தாத்தான் விலை. இல்லேன்னா சுவத்துல மாட்டற படம்."

ஏழாவது இழுப்பறையில் அவர் சீட்டைப் படிக்காமல் லென்ஸைக் கண்ணில் வைத்தார்.

ஒரே பூச்சி. இடப்பக்கம் கன்னங்கரேலென்று, நீலம் சூழ்ந்த வெள்ளைப் பொட்டுகளோடு. வலப்பக்கம் ஆரஞ்சு. உடலின் நடுவே நூல் பிடித்ததுபோல ஒரு கோடு. இடது ஆண், வலது பெண்.

"இப்படிக்கூட பிறக்குமா?" என்றாள் வாயாடி.

"பிறக்கும். முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், ஒண்ணைக்கூட நேர்ல பார்த்ததில்ல." லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவே மனமில்லை அவருக்கு. "முட்டைக்குள்ள இருக்கும்போதே, இந்தப் பக்கம் இப்படி, அந்தப் பக்கம் அப்படின்னு..."

(இந்த வாக்கியத்தை நானும் ஐந்து விதமாக முடித்துப் பார்த்தேன். எதுவும் அந்தப் பூச்சியளவுக்கு வரவில்லை. அவர் விட்ட இடத்திலேயே விடுகிறேன்.)

பிறகு மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு பூச்சியை அறுத்து ஒட்டி ஏமாத்தறவங்களும் உண்டும்மா."

3

நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வாயாடியை நான் ஒட்டித்தான் செய்தேன். வாய் என் சித்தி மகளுடையது, மௌனம் என்னுடையது. நடுவில் கோடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பின்வருவதை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவளுக்கு அப்போது ஏழு வயது. இந்தப் பூச்சியைப் பார்க்கப் பூச்சி சேகரிப்போர் சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, தன்னை யாரும் கவனிக்காத கோபத்தில் அவள் உரக்கச் சொன்னாள்: "எனக்குத் தெரியுமே! அப்பா நேத்து பசை போட்டு ஒட்டிட்டிருந்தாரு!"

பசையைப் பார்த்தது உண்மை. எதை ஒட்டினார் என்று பார்க்கவில்லை.

மூவரும் சிரித்தார்கள். ஒருவர் அப்பாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார். அப்பா அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. மறுபடி வலையை எடுக்கவில்லை. அவளைத் திட்டவில்லை. வாயாடி என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

4

"உணர்கொம்புல பசை இருக்கு," என்றார் மதிப்பீட்டாளர். "உடைஞ்சதை ஒட்டியிருக்காங்க, எல்லாரும் செய்யறதுதான். உடம்புலயும் இருக்கான்னு இந்த ரோமத்துக்கு அடியில தெரியல. ஈரப்பெட்டியில வெச்சா தெரிஞ்சிடும்."

ஈரப்பெட்டி என்பது மூடி இறுகிய ஒரு பிளாஸ்டிக் டப்பா; அடியில் நனைத்த மணல். அந்த ஈரக் காற்றில் இரண்டு நாள் இருந்தால், நாற்பத்தைந்து வருஷம் விறைத்துக் கிடந்த இறக்கையும் இளகி, நேற்றுப் பறந்ததுபோல மடங்கி விரியும். ஒட்டியதாக இருந்தால் பசை இளகிப் பூச்சி இரண்டாகக் கழன்று விழும்.

வாயாடியின் தம்பி தொலைபேசியில் வந்தான்.

"அக்கா, சோதனையெல்லாம் எதுக்கு? சந்தேகம்னு போட்டே வித்துடு. நெசம்னா கொள்ளை விலை, பொய்னா சல்லிக்காசு தேறாது. இப்படியே வித்தா நடுவுல ஏதோ வரும். விளம்பரம்கூட எழுதிட்டேன். கேக்குதா? வாய்க்குப் பூட்டா?"

"பொய்னா நான் சொன்னது சரி," என்றாள். "நெசம்னா அப்பாவைக் கெடுத்தது நான்."

நடந்ததை முதல் முறையாகச் சொன்னாள். அவன் அப்போது பிறக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில்தான் வளர்ந்தான்.

"அதனாலதான் அப்பா விட்டாராக்கா?"

இதற்குப் பதிலை அவளுக்காக நான் எழுதவில்லை.

5

விளம்பரம் வந்துவிட்டது என்பதால், அவள் சோதிக்காமல் விற்றாள் என்று முடிப்பதே நியாயம். அப்படித்தான் முதலில் எழுதினேன். வாங்கியவர் பெட்டியைக் காரில் ஏற்ற, அவள் கையசைத்து

(அடித்துவிட்டேன். கை அசையவில்லை.)

என் வாயாடி பூச்சியைத் தானே ஊசியோடு தூக்கி ஈர மணலில் நட்டாள். மூடியை அழுத்தினாள். இரண்டு நாள் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் எதிரே உட்கார்ந்திருந்தேன். மூடியின் உட்புறம் நீர் கோத்து, உள்ளே கருப்பும் ஆரஞ்சும் கலங்கிய நிழலாகத் தெரிந்தன. பிறந்ததோ, ஒட்டியதோ, மயிரிழை பிசகாமல் சேர்ந்திருந்த அதையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் நான்தான் கேட்டேன். எது வேண்டும் உனக்கு?

இந்தக் கதையில் முதல் முறையாக யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"நெசமா இருக்கணும்."

"அப்படின்னா நீ—"

"தெரியும். அப்பவும் நெசமாவே இருக்கட்டும்."

இரண்டாம் நாள் முடிந்துவிட்டது. நான் திறக்கப் போவதில்லை. ஒட்டிப் பழகிய கை இது, இதை நம்ப முடியாது. மூடி உங்கள் பக்கம் இருக்கிறது. மெல்லத் திறங்கள். இந்த நேரத்தில் இறக்கை மிகவும் மென்மையாக இருக்கும்.