மூணாங்கட்டை

தம்புசாமியின் இடது முழங்கால் விடிந்ததிலிருந்தே தெறித்துக்கொண்டிருந்தது. போன வாரம் குதிரை உதைத்த இடம். கிள்ளானிலிருந்து தண்ணீர்ப் பீப்பாயையும் கொள்ளு மூட்டையையும் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்ததில், மடக்க முடியாதபடி வீங்கிப் போயிற்று. காலை நீட்டிப் போட்டு, மூன்றாவது மைல்கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

அன்று துரைமார்களின் நெடுந்தூரக் குதிரைப் பந்தயம். பிரிக்ஃபீல்ட்ஸ் செங்கல் சூளையடியில் புறப்பட்டு, கிள்ளான் பழைய கோட்டை மேட்டில் வந்து முடிக்க வேண்டும். வழியில் ஒரே இடத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டலாம். அங்கே அவரவர் குதிரைக்காரன் காத்திருக்க வேண்டும். தம்புசாமியின் முதலாளி மெக்ரே துரைக்குத் தமிழ் வரும். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. மூணாங்கட்டையில் நில் என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். தோட்டத்து ஆட்களுக்கு மைல்கல் என்றால் கட்டைதான். கிள்ளானிலிருந்து எண்ணினால் மூன்றாவது கட்டை புக்கிட் குடா பக்கம் வருகிறது. ஆற்றுப் பாலம் கட்டுவதற்கு முன் ரயில் அங்கேயே நின்றுவிடும். ஜனங்கள் இறங்கிப் படகில் போவார்கள். குடா என்றால் மலாயில் குதிரை. குதிரைக்குத் தண்ணீர் காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் ஏது என்று தம்புசாமி நினைத்துக்கொண்டான்.

மற்றக் குதிரைக்காரர்கள் ஒருவரையும் காணோம். நாம்தான் முந்தி வந்துவிட்டோம் என்று முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு முதல் துரை அவனைத் தாண்டிப் போனார். அவர் குதிரையின் வாயும் கழுத்தும் நனைந்திருந்தன. இரண்டாவது குதிரையும் அப்படித்தான். எங்கேயோ தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வருகின்றன என்று தம்புசாமிக்குப் புரிந்தது.

லாயத்து வேலை கொடுத்த அன்றே துரை சொல்லியிருந்தார், குதிரை செத்தால் நீ கான் வெட்டப் போ என்று. ஜூனோ என்பது குதிரைக்குத் துரை வைத்த பெயர். தம்புசாமி வாயில் அது சூனா. சதுப்பில் இடுப்பளவு சேற்றில் நின்று வடிகால் கான் வெட்டியவர்களில் அவன் அண்ணனும் ஒருவன். காய்ச்சலில் போனவர்களை ஒரே குழியில்தான் போட்டார்கள். அந்தக் குழியைத் தோண்டிய கைகளில் தம்புசாமியுடையதும் உண்டு.

காலிப் பீப்பாயை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. ஓட்டி வந்தவன் வேறொரு துரையின் குதிரைக்காரன் பக்கிரிசாமி.

"என்ன தம்பு, கட்டைக்குக் காவலா? சம்பளம் சேத்துக் குடுக்கறாங்களா?"

"தொர இங்கதான் நிக்கச் சொன்னாரு. மூணாங்கட்டை."

பக்கிரிசாமி சிரித்தான். பிறகு தம்புசாமியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"டேய், அது பத்து தீகாடா. நாங்க எல்லாரும் அங்கதான் நின்னோம். ஒன் தொர வந்து கத்திட்டு, காஞ்ச வாயோடயே குதிரைய வெரட்டிட்டுப் போனாரு. இந்நேரம் இங்க வந்திருக்கணுமே."

மலாயில் பத்து என்றால் கல், தீகா என்றால் மூன்று. அது ஊர்ப் பெயர். எந்தத் தமிழனும் அந்த ஊரைத் தமிழாக்கிச் சொன்னதில்லை. துரை சொல்லியிருக்கிறார்.

தம்புசாமி ஓடினான். முழங்காலுக்குள் யாரோ ஆணி அடிப்பது போலிருந்தது. நாலாங்கட்டைக்கு அப்பால் ரயில் பாதைக்காக மேட்டை வெட்டிய இடம். தண்டவாளம் போட வந்து செத்தவர்களை அந்த மேட்டில்தான் புதைத்திருந்தார்கள். நட்டிருந்த இரண்டு மரச் சிலுவையிலும் ஒரு சூலத்திலும் பெயர் எதுவும் இல்லை. மற்ற நாளில் அந்தப் பக்கம் பார்க்காமல் போவான். இன்று பார்த்தான். கான் வெட்டப் போனால் தனக்கு அதுகூட நட மாட்டார்கள் என்று தோன்றியது.

பாடாங் ஜாவா தென்னந்தோப்பைத் தாண்டும்போதுதான், தண்ணீரை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு ஓடி வந்திருப்பது உறைத்தது. திரும்புவதா, போவதா என்று தெரியாமல் நடுரோட்டில் நின்றான். அழுகை வந்தது. மறுபடி முன்னால்தான் ஓடினான்.

ரோட்டோரச் செம்மண் பள்ளத்தருகே சூனா விழுந்து கிடந்தது. துரை மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தார். மடியில் துப்பாக்கி. ரோட்டில் கல் போடும் பெண்ணாள் ஒருத்தி குதிரையின் தலைமாட்டில் குந்தியிருந்தாள். தன் மாற்றுச் சேலையைக் குதிரையின் கழுத்திலும் நெஞ்சிலும் போர்த்தி, ஆட்களுக்கு வைத்திருந்த குடிதண்ணீரை அதன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சுடறதுக்கு ரெண்டு தரம் எந்திரிச்சாரு. இன்னும் கண்ணு முழிச்சுப் பாக்குது தொரே, செத்த பொறுங்கன்னு சொன்னேன்" என்றாள் அவள், தாழ்ந்த குரலில். "புடி தம்பி, தலையத் தூக்கு."

தம்புசாமி தலையைத் தூக்கிப் பிடித்தான். சூனாவின் மூக்கு சூடாக இருந்தது.

"நான் என்ன சொன்னேன்?" என்றார் துரை.

"மூணாங்கட்டைன்னு சொன்னீங்க தொரே."

"எங்கே நின்னாய்?"

"மூணாங்கட்டையில தொரே."

துரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி முனை இன்னும் அவன் பக்கமாகத்தான் இருந்தது. அவர் முகம் மெல்லச் சிவந்தது. பத்து தீகா என்று முணுமுணுத்தபடி துப்பாக்கியை உறையில் செருகினார்.

சூனா இரண்டு தரம் உந்திப் பார்த்து, மூன்றாம் தரம் எழுந்தது. எழும்போது அதன் முன்னங்கால் சேலையில் மாட்டி, நீளவாக்கில் கிழித்துவிட்டது. நடத்திக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு, துரை கிள்ளான் பக்கம் நடந்தார். லாயத்து வேலை தப்பியது என்று அப்போதுதான் தம்புசாமிக்குப் புரிந்தது. 

அவள் கிழிந்த சேலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இனி அது உடுத்த ஆகாது.

"எம்பேரு வீரம்மா. சேலை ஒண்ணு தந்துரணும் தம்பி."

சம்பளத்தன்று கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். சொன்னபடி போனபோது, அவள் கூட்டத்தைச் சுங்கை பூலோ பக்கம் மாற்றிவிட்டிருந்தார்கள். அங்கே போய் விசாரித்தான். செந்தூலில் விசாரித்தான். யாருக்கும் தெரியவில்லை.

தம்புசாமி வீரம்மாவுக்கு ஒரு சேலை கடன். இன்னும் தரவில்லை.