தேரை வயிற்றுக் கல்

அண்ணன் வீட்டுக் கதவைத் திறந்ததும் அவளுக்கு முதலில் கேட்டது அந்தச் சத்தம்தான். ப்ளக். ஈரத்துணியைத் தரையில் அறைந்த மாதிரி. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் ப்ளக். அண்ணன் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையில் சேற்றுத் தேரைகளைக் கொன்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு தேரையும் வயிறு பிளந்து பச்சைக் கூழைக் கக்கிவிட்டுச் சாகும். அவன் கூழைக் கிண்டிப் பார்ப்பான். ஒன்றும் இருக்காது. அடுத்த தேரை.

அந்தச் சத்தம் எப்படிப் பிறந்தது என்று அவளுக்குத் தெரியும். இந்த விளையாட்டைத் தயாரிக்கிற அவள் ஆபீஸில் ஒருத்தன் ரப்பர் கையுறையில் ஷாம்பூவை நிரப்பிச் சுவரில் அடித்துப் பதிவு செய்தான். அன்றைக்கு எல்லாரும் கைதட்டினார்கள். அவளும்தான் தட்டினாள். இப்போது அண்ணன் வீட்டில் அதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

"சாப்பிட்டியாண்ணா?"

"இரு, இதோ இந்தக் கூட்டத்த முடிச்சுடறேன்."

அந்தக் கூட்டம் முடியாது. ஒரு தேரை செத்தால் எட்டாவது விநாடி அதே இடத்தில் இன்னொன்று முளைக்கும். அதுவும் அவளுக்குத் தெரியும். ஏனென்றால் அந்த எட்டைப் போட்டதே அவள்தான்.

எந்த மிருகத்தைக் கொன்றால் என்ன கிடைக்கும், நூறு தடவைக்கு எத்தனை தடவை கிடைக்கும் என்று ஒரு பெரிய அட்டவணையில் எண் போடுவதுதான் அவள் வேலை. கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் ஆண்டவன் படியளப்பான் என்பார்கள். இந்த விளையாட்டில் தேரைக்குள் இருக்கிற கல்லுக்குப் படியளக்கிறவள் இவள். அந்தக் கல் ஒன்று கையில் இருந்தால்தான் அடுத்த கட்டமான மேல்கோட்டையின் கதவு திறக்கும். உள்ளே போனவர் மறுபடி கீழே இறங்கி வர முடியாது.

மேல்கோட்டைக்குள் அண்ணன் மகள் இருந்தாள். பன்னிரண்டு வயது. அம்மாவும் அப்பாவும் பிரிந்த பிறகு அம்மாவோடு வேறு ஊரில் இருக்கிறாள். நேரில் பார்த்தால் அப்பாவிடம் மூன்று வார்த்தை பேச மாட்டாள். விளையாட்டுக்குள் வந்துவிட்டால் மட்டும் வாய் ஓயாது. வில்லைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவாள், பின்னால் அப்பா கோடரியோடு மூச்சு வாங்குவான். பள்ளிக்கூட விடுமுறை முடிகிற வரைக்கும்தான் விளையாட்டு என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். விடுமுறை தொடங்கிய அன்றே மகளுக்கு எழுபதாவது தேரையில் கல் கிடைத்து, மேலே போய்விட்டாள். "மேல ஒரு வீடு கட்டியிருக்கேன்பா, ரெண்டு நாற்காலி போட்டிருக்கேன், சீக்கிரம் வா" என்று செய்தி அனுப்பினாள். மறுநாள் அண்ணன் சேற்றில் இறங்கினான். அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஓடிவிட்டது.

"வலது கை என்ன இப்படி வீங்கியிருக்கு?"

"மவுஸ் பிடிச்சுப் பிடிச்சு. இடது கையில பழகிட்டேன்."

"அண்ணா, அரைச்ச மாவையே எத்தன நாள் அரைப்ப? நாலு நாள் லீவு இருக்குன்னியே, நேர்ல போய்ப் பாத்துட்டு வாயேன்."

"அந்த நாலு நாளையும் போன வாரம் இதுலயே போட்டுட்டேன்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சிரித்தான். "நீயே இப்படிப் பேசலாமா பாப்பா? உன் ஆபீஸ் ஆளுங்கதான சொல்றாங்க, உழைக்காம கிடைச்சா ருசிக்காதுன்னு. கல்லு கையில விழறப்ப பாரு, அந்தச் சந்தோஷமே தனி."

"எல்லாருக்கும் விழுந்துச்சாமா?"

"முந்தாநாள் ஒருத்தன் படம் போட்டிருந்தான். செருப்பக் கழட்டிட்டு, தண்ணிக்கு முதுகு காட்டி நின்னு அடிச்சானாம்."

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். அண்ணனின் மாவீரன் தலைக் கவசம், மார்புக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான்.

அண்ணனுக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. ஒரு லிஃப்ட் ஒரே ஒரு தடவை மாடி தப்பி நின்றால் போதும், உடனே மேலே ஏறி மோட்டார் அறையைத் திறந்து ஒவ்வொரு திருகாகத் தட்டிப் பார்ப்பான். யார் என்ன சமாதானம் சொன்னாலும் நம்ப மாட்டான். அப்பேர்ப்பட்டவன் இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான்! அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மேசையில் அவன் வேலைக்கு எடுத்துப் போகிற பராமரிப்பு நோட்டு கிடந்தது. பின்பக்கத்திலிருந்து திருப்பினால் பக்கம் பக்கமாகக் கோடுகள். நாலு நிற்கும் கோடு, குறுக்கே ஒன்று. வேலைப் பழக்கம், எதையும் குறிக்காமல் விடமாட்டான். கடைசிப் பக்கத்தில் கூட்டிப் போட்டிருந்தான்: மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.

அந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ இடறியது. முதலில் நூறுக்கு ஒன்று என்றிருந்ததை விடுமுறை தொடங்கிய மறுநாள்தான் பாதியாக்கினார்கள். இருநூறு தேரைக்கு ஒரு கல். துரதிர்ஷ்டம் பிடித்தவனுக்கு ஆயிரம் ஆகலாம். மூவாயிரத்து அறுநூறு தேரை கொன்றும் ஒன்றும் கிடைக்காமல் போக வேண்டுமென்றால் ஏழு கோடிப் பேரில் ஒருத்தனாகப் பிறந்திருக்க வேண்டும். அண்ணனுக்கு ராசி கிடையாதுதான். அதற்காக இவ்வளவா?

மறுநாள் காலையில் ஆபீஸுக்குப் போய்க் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அட்டவணையைத் திறந்தாள். சேற்றுத் தேரை, வயிற்றுக் கல். எதிரே சுழியம் இருந்தது.

அரை என்று அவள்தான் போட்டாள். கையெழுத்துப் போல நினைவிருக்கிறது. ஆனால் அந்த வாரம்தான் அட்டவணையைப் புது மென்பொருளுக்கு மாற்றியிருந்தார்கள், அதற்கு முழு எண் மட்டும்தான் புரியும். அரையைக் கொடுத்தால் சத்தம் போடாமல் வெட்டி எறிந்துவிட்டுச் சுழியமாக வைத்துக்கொள்ளும். ஐந்து வாரமாக உலகத்தில் எந்தத் தேரையின் வயிற்றிலும் கல் இல்லை. லட்சக்கணக்கான பேர் கூழைக் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதை ஏன் ஆபீஸில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை? ஏனென்றால் அங்கே எல்லாரிடமும் சோதனைக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கில் நுழைந்தால் முதல் தேரையிலேயே கல் விழும், அட்டவணையைக் கேட்கவே கேட்காது. உழைப்பு இல்லாமல் விளையாட்டில் சுவை இல்லை என்று மாதம் ஒரு கூட்டம் போட்டுப் பேசுகிற அத்தனை பேரில், ஒரே ஒரு தேரையையாவது உழைத்துக் கொன்றவர் ஒருவர் கிடையாது. ஊருக்குத்தான் உபதேசம். அவளும் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றவள்தான்.

அட்டவணையைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் போனாள். அவருக்கு ஆபீஸில் தத்துவம் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் கூப்பிடுவதில்லை. அவர் சுழியத்தைப் பார்த்தார், பிறகு பக்கத்துத் திரையில் ஒரு வரைபடத்தைத் திறந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது.

"அதான பாத்தேன், விளையாடற நேரம் எப்படி இவ்வளவு ஏறுச்சுன்னு! அஞ்சு வாரமா ஏறிக்கிட்டே இருக்கும்மா. ஒருத்தன்கூட வெளிய போகல."

"சார், அது கிடைக்கவே கிடைக்காது. ஏமாத்தற மாதிரி இருக்கு."

"யார் ஏமாத்தினா? கிடைக்கும்னு நாம எங்கயாவது சொன்னோமா? பொறுமையா தேடுங்கன்னுதான சொன்னோம். தேடறதுதாம்மா விளையாட்டு. கிடைச்சுட்டா என்ன பண்ணுவான்? எழுந்து போய்டுவான்."

"இன்னைக்கே சரி பண்ணிடறேன் சார். ஒரு நிமிஷ வேலை."

"பள்ளிக்கூடம் திறக்கட்டும். இன்னும் ஒம்பது நாள்தான. அப்புறம் சத்தமில்லாம ஒண்ணுன்னு போட்டுடு." கொஞ்சம் குரலை இறக்கினார். "இப்ப அவசரப்பட்டுத் தொட்டா ஏன்னு கேப்பாங்க. அந்த அரைய போட்டது யாருன்னும் கேப்பாங்க. எனக்கென்ன, உனக்காகத்தான் சொல்றேன்."

அவளுக்கு அந்த அறையே தேரைக் கூழாக நாறியது. அவருடைய இஸ்திரி கலையாத சட்டை, மேசையில் தேரை பொம்மை, அந்த அக்கறைக் குரல், எல்லாவற்றின் மேலும் வாந்தி எடுக்கலாம் போல இருந்தது. ஆனால் எடுக்கவில்லை. "சரி சார்" என்றாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்ன வாயை அன்றைக்கு மூன்று தடவை கொப்புளித்தாள். போகவில்லை.

வேறு வழி இல்லாமலா போயிற்று? ஒரு கல்லை எடுத்து அண்ணன் பையில் போட்டுவிட அவளால் முடியும். அப்படிச் செய்தால் பதிவாகும், சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தால் வேலை போகும் என்று சேரும்போதே எழுதி வாங்கியிருந்தார்கள். அதுவும் வேண்டாம், போனை எடுத்து "அண்ணா, அதுல கல்லே கிடையாது, எழுந்திரு" என்று சொல்லியிருக்கலாம். ஐந்து விநாடி வேலை. ஆனால் அண்ணன் வாய் ஓட்டை வாய். உடனே செருப்பைக் கழற்றிய கூட்டத்துக்கெல்லாம் சொல்லிவிடுவான், யார் சொன்னது என்று விசாரிப்பார்கள், அவள் தலைதான் உருளும். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தாள். அந்த நாளைக்கு எட்டு நாள் ஆயிற்று.

இடையில் ஒரு நாள் சாயங்காலம் அண்ணனே கூப்பிட்டான்.

"நாலாயிரம் தாண்டிட்டேன் பாப்பா. அவ கேட்டுக்கிட்டே இருக்கா, எப்பப்பா வருவேன்னு. நாளைக்கு வந்துடுவேன்னு சொல்லியிருக்கேன். கிடைச்சுடும்ல?"

"கிடைக்கும்ணா" என்றாள் அவள்.

இலவு காத்த கிளிக்காவது காய் என்று ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. இவனுக்குக் கூழைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்டே கிடைக்கும் என்று சொல்கிற தங்கையை என்ன பெயர் சொல்லி அழைப்பது? கண்ணாடியைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

ஞாயிற்றுக்கிழமையோடு விடுமுறை முடிந்தது. திங்கட்கிழமை காலை தத்துவம் அவள் மேசைப் பக்கமாக வந்து கட்டை விரலை உயர்த்திவிட்டுப் போனார். அவள் சுழியத்தை அழித்துவிட்டு ஒன்று என்று போட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் போனில் கத்தினான். "விழுந்துடுச்சு! பாப்பா, கல்லு விழுந்துடுச்சு! உடனே வா!"

அவள் போனபோது அவன் அவளுக்காகக் காத்திருந்தான், தனியாக உள்ளே போக மனசு வரவில்லையாம். முகமெல்லாம் பல். "பாத்தியா? நாலாயிரத்து எழுநூத்து நாப்பது. பொறுமை இருந்தா எதுவும் கிடைக்கும்னு சொன்னேன்ல?" என்று நோட்டை நீட்டினான். கடைசிக் கோட்டைச் சிவப்பு மையில் போட்டிருந்தான். மாவீரனுக்கு முதலில் செருப்பை மாட்டிவிட்டான். மகள் முன்னால் வெறுங்காலோடு போய் நிற்க முடியுமா?

மேல்கோட்டைக் கதவு திறந்தது. மகள் வீடு குளத்தங்கரையில் இருந்தது. வாசலில் இரண்டு நாற்காலி. ஒன்றின் மேல் கடிதம் செருகியிருந்தது. அண்ணன் வாய்விட்டு வாசித்தான்.

"அப்பா, இன்னைக்கு வரைக்கும் தினம் இங்கதான் உக்காந்திருந்தேன். நாளைக்கு ஸ்கூல், அம்மா இன்னைக்கு ராத்திரி போனை வாங்கிப் பூட்டிடுவா. பெரிய நாற்காலி உனக்கு."

கடைசி வரியை மறுபடியும் ஒரு தடவை வாசித்தான். அப்புறம், "ஒரே ஒரு நாள். ஒரு நாள் முன்னாடி விழுந்திருந்தா... சரி விடு, என் ராசி அப்படி" என்றான்.

அந்த ராசி என்ற சொல்லை அவளால் தாங்க முடியவில்லை.

"ராசி இல்லண்ணா. நேத்து வரைக்கும் எந்தத் தேரையிலயும் கல்லு இல்ல. ஆறு வாரமா இல்ல. நான் போட்ட எண்ணு தப்பாயிடுச்சு. இன்னைக்குக் காலையிலதான் மாத்தினேன்."

அவன் நம்பவில்லை. "சும்மா சொல்லாத. ஒருத்தன் படமே போட்டிருந்தான்."

"அது பழைய படம்ணா."

திரையில் மாவீரன் நாற்காலிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அண்ணன் நோட்டை மெதுவாகத் திருப்பினான், கோடு போட்ட முதல் பக்கத்திலிருந்து. கோடு கோடாக விரலை ஓட்டிக்கொண்டு போனான்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

பொய் சொல்லலாம், காலையில்தான் தெரியும் என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"ஒம்பது நாளா."

அண்ணன் விரல் நின்றது. அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். நோட்டைத் தூக்கி மூஞ்சியில் எறிந்திருந்தாலும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் நோட்டை மூடி, வீங்கிய கையால் அதன் அட்டையைத் தடவிக்கொடுத்தான்.

"லிஃப்ட் நின்னு போச்சுன்னா நாங்க முதல்ல என்ன பண்ணுவோம் தெரியுமா பாப்பா? ரிப்பேர் எல்லாம் அப்புறம். முதல்ல கீழ வந்து கதவுல ஒரு அட்டைய மாட்டிடுவோம், லிஃப்ட் ஓடாதுன்னு. புதுசா சேர்ற பையனுக்குக்கூட அதத்தான் முதல்ல சொல்லித் தருவோம்."

"அண்ணா..."

"அட்டையப் பாத்தா ஆளு அங்கயே நிக்க மாட்டான்ல. படியேறிப் போய்டுவான்." அவன் குரல் உயரவே இல்லை. "அவ ஊருக்கு ஆறு மணி நேரம்தான் பஸ்ஸு."