இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரு இஞ்சினும்

கார் இழுவை வண்டியின் முதுகில் ஏறி வீட்டுக்கு வந்தபோது, பெரிய மாப்பிள்ளை அந்த வண்டி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை. அதைப் பார்த்ததுமே சின்ன மாப்பிள்ளை செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார். சகலை பேசாமல் இருக்கிறார் என்றால் நடந்தது சின்ன விஷயமாக இருக்க முடியாது.

இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். பெரியவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துபவர். காலையிலிருந்து மாலைவரை பேசிப் பேசியே பிழைப்பவர், வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. சின்னவருக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "மூச்ச இழுத்துப் புடிங்க, இப்ப விடுங்க" என்பதற்கு மேல் அவர் பேசுவதே அபூர்வம். அவருக்கென்று இருந்த ஒரே ஆசை அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாகப் போகும்.

பழைய கல்லூரிக் கூட்டாளிகளைப் பார்க்கப் போகிறேன், ஒருநாள் குடுங்க என்று பெரியவர் கேட்டபோது இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. போகும் வழியில் வண்டியின் அடியில் ஒரு கல் இடித்திருக்கிறது. ஆயில் மொத்தமும் ஒழுகிப்போயிற்று. ஸ்டீயரிங்குக்கு எதிரில், ஆயில் இல்லை என்று எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. தினமும் பத்துப் பேருக்கு அந்த விளக்கைக் காட்டிப் பாடம் எடுக்கிற மனிதர், பழைய வண்டிதானே, பல்பு ஏதோ கோளாறு என்று நினைத்து ஓட்டிக்கொண்டே போனார். கடகடவென்று ஒரு சத்தம். அதோடு சரி.

மாமியார் போன் செய்தார். "மனசுல எதையும் வெச்சுக்காதீங்க மாப்பிள்ளை."

"பரவாயில்லத்தை" என்றார் சின்னவர். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார்.

பட்டறையில் வேறு இஞ்சின் மாற்றச் சொன்னார்கள். அந்த மாடலுக்கு வேறு இஞ்சின் கிடைத்தால்தானே? சின்னவர் முன்பு ஒரு மோட்டார் சைக்கிள் இஞ்சினைப் பிரித்துச் சேர்த்திருக்கிறார். அந்தத் தைரியத்தில், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவுகட்டினார். கார் ஷெட்டின் இரும்புக் குறுக்குச் சட்டத்தில் சங்கிலிக் கப்பியை மாட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இஞ்சினைத் தூக்க ஆயத்தமானார். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சகலை.

"தனியா எப்படித் தூக்குவீங்க? நான் இருக்கேன்ல."

அன்றிலிருந்து ஒரு லீவு நாள் விடாமல் வந்தார். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் கேட்டால் பதினாலைக் கொடுப்பார். கொடுக்கும்போதே கதை ஆரம்பித்துவிடும். பிரேக்கென்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தவர், ரிவர்ஸில் கோழிக்கடைக்குள் போன வக்கீல் என்று கேட்டுக் கேட்டுச் சின்னவருக்குக் காது புளித்துப்போயிற்று.

"அவரை வரவேணாம்னு சொல்லேன்" என்று மனைவியிடம் முறையிட்டார்.

"நல்லாருக்கே. அவர் இங்க வர்றதாலதான் அக்காவுக்கு ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் நிம்மதியாம். கெடுக்காதீங்க."

அவளுக்கு வேறு குறை இருந்தது. சமையலறை அலமாரியில் டம்ளர்கள் இருந்த இடத்தில் நாலு பிஸ்டன்கள் குந்தியிருந்தன. படுக்கையறையில் பீரோவை ஒட்டி, பழைய போர்வை சுற்றி, இஞ்சினுக்குள் சுழலும் கனத்த தண்டான கிராங்க் ஷாஃப்ட் நின்றது. படுக்க வைத்தால் வளைந்துவிடுமாம். இருட்டில் அதில் காலை இடித்துக்கொண்டவள், "உங்க ரெண்டாந்தாரத்தைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றாள்.

அந்த கிராங்க் ஷாஃப்டில்தான் அடி பலம். அதைத் தாங்குகிற பேரிங்குகள் தகடு தகடாக இரண்டு அரைவட்டங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே. ஆயில் இல்லாமல் ஓடியதில் ஒரு ஜோடி உருகி அப்பளம்போல் நசுங்கியிருந்தது. இரும்பின் பளபளப்பான பரப்பில் ஆணியால் கீறியதுபோல் கோடுகள். லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கி, அந்த அளவுக்குப் புதுப் பேரிங்குகள் தேடிப்பிடித்து வருவதற்குள் சின்னவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பூட்டுகிற நாள் வந்தது. இடையில் தூசி விழக்கூடாது, கவனம் சிதறக்கூடாது. சகலை நாற்காலியை விரித்து உட்கார்ந்து, அந்தச் சிவப்பு விளக்குக் கதையையே எடுத்தார். பள்ளியில் படிக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாராம். "எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க சகலை. அந்த விளக்கை இனிமே ஒருத்தரும் மறக்க மாட்டாங்க."

சின்னவர் கையிலிருந்த பேரிங்கைக் கீழே வைத்தார். "உங்களுக்கு அது சிரிப்பா இருக்கா? கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருக்க மாட்டீங்களா?"

பெரியவர் எழுந்தார். நாற்காலியை மடக்கினார். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

அதன்பின் ஷெட்டில் கிடைத்த அமைதி, சின்னவர் ஆசைப்பட்ட அமைதியாக இல்லை. கை பேரிங்கை வைத்தது, போல்ட்டை முடுக்கியது. மனசு மட்டும் சகலையோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தது. சொல்லாமல் விட்ட பதில்களெல்லாம் அப்போதுதான் வரிசைகட்டி வந்தன.

அடுத்த ஞாயிறு பெரியவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. இஞ்சினைக் காருக்குள் இறக்க இன்னொரு ஆள் வேண்டும். வேறு வழியில்லாமல் சின்னவரே போனை எடுத்தார்.

"சகலை, இஞ்சின இறக்கணும்."

"வர்றேன்."

வந்தார். நாற்காலி கொண்டுவரவில்லை. பன்னிரண்டு கேட்டால் பன்னிரண்டைக் கொடுத்தார். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. மாலைக்குள் சின்னவருக்கு, அந்தக் கோழிக்கடை வக்கீலே தேவலை என்று தோன்றிவிட்டது.

இஞ்சின் உயிர்பெறுவதைப் பார்க்க அக்காவும் தங்கையும் ஷெட் வாசலில் நின்றார்கள். சாவியைத் திருப்பியதும் இரண்டு முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. சின்னவருக்கு வாயெல்லாம் பல். ஐந்தாறு நிமிடம் ஓடியிருக்கும். அடியிலிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. உடனே அணைத்துவிட்டார். இறங்கிப் போய் சங்கிலிக் கப்பியை மறுபடி கீழே இறக்கினார்.

மறுபடி இஞ்சினைத் தூக்கினார்கள். மறுபடி கவிழ்த்தார்கள். நடுவில் இருந்த பேரிங்கைத் திறந்தபோது விஷயம் தெரிந்தது. ஆயில் வருகிற ஓட்டையுள்ள தகடு மேலே இருக்கவேண்டும். அது கீழே இருந்தது. ஓட்டையில்லாத தகடு மேலே உட்கார்ந்து ஆயில் வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

பெரியவர் குனிந்து பார்த்தார். "ஆயில் இது வழியாத்தானே வரணும்?"

"ஆமா."

"அப்புறம் ஏன் இது கீழ இருக்கு?"

"மாத்திப் போட்டுட்டேன்." சின்னவர் துணியால் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்க கோவிச்சிட்டுப் போனீங்களே, அன்னிக்கு."

"நான் எங்க கோவிச்சேன்? வெரட்டினது நீங்க."

"ஆமா. நான்தான்."

பெரியவர் அந்தத் தகட்டை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "நான் சிரிச்சதுக்குக் காரணம் வேற சகலை. அத நானே சொல்லிச் சிரிக்கலைன்னா, என் பின்னாடி சிரிப்பாங்க. ஓட்டக் கத்துக்கொடுக்கிறவன் இஞ்சின வேகவெச்சான்னா யாரு என்கிட்ட படிக்க வருவா?"

சின்னவர் இதை யோசித்ததே இல்லை. தன் கார், தன் இஞ்சின், தன் கோபம் என்றே இத்தனை நாள் இருந்துவிட்டார்.

உள்ளே சாப்பிடப் போனபோது அக்காதான் கேட்டாள், என்னதான் கோளாறு என்று. பெரியவர் முந்திக்கொண்டு, "பேரிங் சரியில்ல. கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார்.

"கடைக்காரன் மேல தப்பில்ல" என்றார் சின்னவர். "நான்தான் தலைகீழா மாட்டிட்டேன்."

"நீங்களா?" என்று அவர் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். "எலும்பு முறிஞ்சவங்களுக்கு நல்லவேளை நீங்க படம் மட்டுந்தான் எடுக்கிறீங்க." சகலை சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். சின்னவரே சிரித்தபின்தான் அவரும் சிரித்தார்.

சத்தம் கேட்டதுமே அணைத்துவிட்டதால் சேதம் அதிகமில்லை. லேசாகக் கடைந்து, இன்னொரு அளவு பேரிங் வாங்கிப் போட்டால் போதும் என்றார்கள் லேத் பட்டறையில். இந்தத் தடவை சின்னவர் ஒவ்வொரு தகட்டையும் வைத்துவிட்டு நிமிர்வார். நாற்காலியிலிருந்தபடி பெரியவர் எட்டிப் பார்த்து, "ஓட்டை மேல இருக்கு, முடுக்குங்க" என்பார். நடுநடுவே கதையும் நடந்தது.

இஞ்சின் ஓடியது. அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்டும் எந்தச் சத்தமும் இல்லை.

முதல் ஓட்டத்துக்குச் சாவியைச் சகலையிடம் நீட்டினார் சின்னவர். அவர் வாங்கவில்லை. "நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்தே பழகினவன்."

தெருமுனை தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தார்கள். முன்னால் ஒரு லாரி வேகம் குறைத்தது. சின்னவர் பிரேக்கில் கால் வைக்குமுன் பக்கத்து இருக்கையில் தொப்பென்று சத்தம். பயிற்சிக் கார்களில் வாத்தியாருக்கென்று தனியாக இருக்குமே, அந்தப் பிரேக்கைத் தேடிப் பெரியவரின் வலது கால் வெறுந்தரையை ஓங்கி மிதித்திருந்தது.

"அங்க ஒண்ணும் இல்ல சகலை."

"தெரியுது. கால் கேக்க மாட்டேங்குது."

லாரி இடதுபக்கம் திரும்பிப் போனது. "மூணாவது கியர் போடலாமே" என்றார் பெரியவர்.

"புதுசா கட்டின இஞ்சின். கொஞ்ச நாளைக்கு மெதுவாத்தான் போகணும்."

"அதுவும் சரிதான்" என்று சாய்ந்து உட்கார்ந்தவர், போன வாரம் சேர்ந்த ஒரு பல் டாக்டரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.