அறுபத்தாறு கண்ணிக் கழுத்து

அக்கா எனக்கு வைத்த பெயர் கிளி. அழகைப் பார்த்து வைத்ததில்லை. சின்ன வயதில் ஒருநாள் அப்பா உள்ளே படுத்துக்கொண்டு, வாசலில் வந்தவரிடம் தான் இல்லை என்று சொல்லும்படி என்னை அனுப்பினார். நான் போய், "அப்பா இல்லைன்னு சொல்லச் சொன்னாரு" என்றேன். அன்று முதுகில் விழுந்தது அடி, கூடவே இந்தப் பெயரும்.

இப்போது கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டுகிறேன். உச்சியில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பேன். கீழே இருப்பவர் வாக்கிடாக்கியில் தூக்கு என்றால் தூக்குவேன், நிறுத்து என்றால் நிறுத்துவேன். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போனால் நன்றாக இருக்குமே என்று எனக்குத் தோன்றினாலும் போக மாட்டேன். கிரேன்காரன் சொந்தமாக யோசித்தால் கீழே எவனுக்காவது மண்டை உடையும். என் புத்தியைப் பற்றி எனக்குப் பெருமை கிடையாது. என் காதைப் பற்றி உண்டு. கேட்டதைக் கேட்டபடி செய்வேன், சொன்னதைச் சொன்னபடி போய்ச் சொல்வேன்.

என் மனைவி எனக்கு நேர் எதிர். எள் என்றால் எண்ணெயாக நிற்பவள். நான் எள் என்றால் எள்ளோடு நின்றுவிடுகிறவன். தண்ணீர் கேட்டால் மாத்திரையும் கொண்டுவருவாள். தலைவலி என்று நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளை மடித்து மடித்து, வீட்டில் நாற்காலியில் கிடக்கும் துண்டைக்கூட பேசிக்கொண்டே மடித்துவிடுவாள். தான் மடித்தது அவளுக்கே தெரியாது.

நாங்கள் கீழ் வீடு, அக்கா மாடி. நடுவில் வெளிப்பக்கமாக ஓர் இரும்புப் படிக்கட்டு. அக்கா தனி ஆள். மாடிச் சாவி ஒன்று எப்போதும் என் மனைவியின் கைப்பையில் இருக்கும். எங்களுக்கு அப்பா அம்மா போய்விட்டார்கள், எனக்குப் பிள்ளைகளும் இல்லை. எனக்கென்று உலகத்தில் இருப்பது இந்த இரண்டு பெண்கள்தான். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பார்கள். நான் ஒரு பக்கமும் இடி வாங்காத மத்தளம். அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அக்கா ஆடைக் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தாள். போன வருஷம் அந்த வேலையை உதறிவிட்டு, கம்பளிப் பின்னலுக்கு பேட்டர்ன் எழுத உட்கார்ந்தாள். எந்த நூல், எந்த ஊசி, எத்தனை கண்ணியில், அதாவது ஊசியில் எத்தனை நூல் வளையம் ஏற்றி, ஆரம்பிப்பது, எங்கே குறைப்பது, கையை எங்கே பிரிப்பது என்று வரிவரியாக எழுதி, படம் போட்டு, அச்சடித்துக் கொடுப்பாள். முதலில் தொப்பி, மப்ளர், கைப்பை. அப்புறம்தான் இலை இலையாகப் பின்னல் ஓடும் அந்த ஸ்வெட்டர். பெரிய கடைத்தெருவில் இருக்கும் கம்பளி நூல் கடைக்காரம்மா அதைத் தன் கடையில் விற்க ஒத்துக்கொண்டாள்.

பேட்டர்னை எழுதினால் மட்டும் போதாது. எழுதாத இன்னொருவர் அதைப் பார்த்து, எழுதியபடியே பின்னி, தப்பிருந்தால் சொல்ல வேண்டும். அந்த வேலை என் மனைவிக்கு. அவள் பின்னிய ஸ்வெட்டர் கச்சிதமாக வந்தது. "நல்லா வந்திருக்கு அண்ணி, எங்கயும் இடிக்கல" என்றாள். அக்கா அச்சுக்குக் கொடுத்தாள். அந்த ஸ்வெட்டரைக் கடைக் கண்ணாடியில் மாட்டினார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள், நூலும் தாளும் வாங்கிப் போனார்கள்.

பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். உடம்பு சரி, கை சரி, இலை சரி, கழுத்தில் மட்டும் தலை நுழையவில்லை.

கடைக்காரம்மா அக்காவைக் கூப்பிட்டு, திரும்பி வந்த மூன்று ஸ்வெட்டரையும் கண்ணாடியில் இருந்ததையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். "தப்பு தாள்லயா, பின்னினவங்க கையிலயான்னு பார்த்துச் சொல்லுங்க. தாள்ல தப்புன்னா என்னால விக்க முடியாதும்மா, கடைப் பேரு கெட்டுடும்" என்றாளாம். நியாயமான பேச்சுதான். ஆனால் அந்தக் கடை அலமாரியை நம்பித்தான் அக்கா வேலையை விட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. என் மனைவிக்கு வேலை. காலையில் அக்கா மாடியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"டேய் கிளி, மேல வா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவளுங்களுக்குப் பின்னத் தெரியல, என் பேட்டர்னைக் குறை சொல்றாளுங்க. நீ பின்னு."

"நானா?"

"நீதான். நீ சொந்தமா ஒண்ணும் செய்ய மாட்டே. தாள்ல இருக்கிறதை மட்டும் செய்வே. நீ பின்னி உன் தலை நுழைஞ்சா, தாள்ல தப்பில்லன்னு அர்த்தம்."

எனக்கு நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னலும் தெரியும். ஒருதரம் கால் உடைந்து கட்டிலில் கிடந்தபோது, என் தொணதொணப்புத் தாங்காமல் அக்காதான் சொல்லிக்கொடுத்து ஒரு மப்ளர் பின்ன வைத்தாள். அதற்குப் பிறகு ஊசியைத் தொட்டதில்லை. திரும்பி வந்த ஸ்வெட்டர்களில் பெரியதை எடுத்து, கழுத்துப் பட்டியை மட்டும் பிரித்து என் மடியில் போட்டாள். குரங்கு கையில் பூமாலை. ஆனாலும் தாளில் விரலை வைத்து, வரி வரியாகப் படித்து, கழுத்தைச் சுற்றி எடுக்கச் சொன்ன கண்ணிகளை எடுத்து, வளைய ஊசியில் ஏற்றி, சொன்ன வரிசை வரைக்கும் பின்னி மூடினேன். பாதியிலேயே கழுத்து சுருக்குப் பை மாதிரி சுருங்கிக்கொண்டு வந்தது. ஏதோ சரியில்லை என்று தோன்றியது. தோன்றுவதற்கெல்லாம் நான் எப்போது காது கொடுத்திருக்கிறேன்?

"போடு" என்றாள் அக்கா.

போட்டேன். நெற்றி வரைக்கும் இறங்கியது. அவள் கீழே இழுத்தாள், மூக்கில் வந்து நின்றது. நான் மேலே இழுத்தேன், காதில் மாட்டிக்கொண்டது. கம்பளிக்குள் ஒரே இருட்டு.

"அவசரத்துல அண்டாவுலயும் கை நுழையாது. மெதுவா ஆட்டுடா தலையை."

"இது அண்டா இல்லக்கா, செம்பு" என்று உள்ளேயிருந்து சொன்னேன். அக்கா சிரித்தாள். கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்தை வெட்டி என்னை வெளியே எடுக்கும் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எத்தனை கண்ணி எடுத்தே?"

"அறுபத்தாறு."

"தொண்ணூத்தாறுடா."

"அறுபத்தாறுன்னுதான் போட்டிருக்கு."

தாளை வாங்கிப் பார்த்தாள். அவளே எழுதி, அவளே திருத்தி, அவள் பெயரோடு அச்சான தாள். சிரிப்பு நின்றது. பையிலிருந்து என் மனைவி பின்னிய ஸ்வெட்டரை எடுத்துக் கழுத்தை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். தொண்ணூற்றாறு.

அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், பொசுக்கென்று வரும், பொசுக்கென்று போகும். அன்று வந்தது அந்த மாதிரி இல்லை. மெதுவாகப் பேசினாள்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தாள்ல தப்புன்னு தெரிஞ்சு, தன் ஸ்வெட்டரை மட்டும் சரியாப் பின்னிட்டு, நல்லா வந்திருக்கு அண்ணின்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கா. நாலு பேர் முன்னாடி நான் அசிங்கப்படட்டும்னு."

"அவ அப்படிப்பட்டவ இல்லக்கா."

"உன்கிட்ட யோசனை கேட்டேனா? போய்ச் சொல்லு அவகிட்ட. இனிமே என் படி ஏற வேண்டாம். என் நூலைத் தொட வேண்டாம். என் வீட்டுச் சாவியைக் கொடுத்து அனுப்பச் சொல்லு. ஒரு எழுத்து மாறக் கூடாது."

இறங்கி வந்து சாயங்காலம் வரைக்கும் அந்த மூன்று வாக்கியத்தையும் வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டன் கணக்கில் கம்பியைத் தூக்கி வீடுகளுக்கு மேலே சுழற்றியிருக்கிறேன். இது அதைவிடக் கனத்தது. என் வீடு இரண்டாக உடையப் போகிறது, உடைக்கிற சுத்தியலைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் நான்.

மனைவி வந்தாள். செருப்பைக் கழற்றியவள், நாற்காலியில் கிடந்த என் துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு அக்கா சொல்லி அனுப்பியதைச் சொன்னேன், ஒரு எழுத்து மாறாமல். துண்டு பாதி மடிப்பில் நின்றது. அவள் கண் நிறைந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"வேற ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல. அவ்வளவுதான்."

"மத்தியானம் சாப்பிட்டாங்களா?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

துண்டை முழுசாக மடித்து வைத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். இரும்புப் படியில் அவள் காலடி கேட்டது. நான் பதறிக்கொண்டு பின்னாலேயே ஏறினேன்.

அக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். முதல் கேள்வி எனக்கு.

"கிளி, நான் சொன்னதைச் சொன்னியா இல்லியா?"

"சொன்னாரு அண்ணி. அப்படியேதான் சொன்னாரு" என்றாள் என் மனைவி.

அக்கா தாளை அவள் பக்கம் தள்ளினாள். "கழுத்துக்கு எத்தனை கண்ணின்னு போட்டிருக்கு? படி."

அவள் குனிந்து, சத்தமாகவே படித்தாள். "கழுத்தைச் சுற்றித் தொண்ணூற்றாறு கண்ணிகள் எடுத்து..."

"மறுபடி படி."

"கழுத்தைச் சுற்றித் தொண்ணூற்றாறு..."

"விரலை வெச்சுப் படிடி!"

விரலை வைத்தாள். அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அய்யோ, அறுபத்தாறா? அறுபத்தாறுன்னா எப்படி அண்ணி தலை நுழையும்?" என்றாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் பார்க்கவே இல்லையே. கழுத்து எவ்வளவு கேட்டுச்சோ அவ்வளவு எடுத்தேன். தாள்லயும் அதுதான் இருக்குன்னே நினைச்சுட்டேன். உங்க வேலை என்னால கெட்டுப்போச்சே."

அக்கா அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் வடிவது எனக்குத் தெரிந்தது. ஒரு வரியைத் தப்பாக எழுதியவள் அக்கா, அதைத் தப்பாகப் படித்து ஸ்வெட்டரைக் காப்பாற்றியவள் என் மனைவி. இதில் யாரைத் திட்டுவது?

"சரி, அதை விடு. படி ஏற வேண்டாம்னு சொல்லி அனுப்பினேனே, அது கேட்டுச்சுல்ல? அப்புறம் எதுக்கு வந்தே?"

"கேட்டுச்சு அண்ணி. ஆனா நீங்க சொல்ல வந்தது அது இல்லையே."

அக்காவின் உதடு நடுங்கியது. என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெட்டுப்பட்ட ஸ்வெட்டரை மடியில் எடுத்து, அறுந்த கண்ணிகளைத் தேடிப் பிடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா அப்போதே கடைக்காரம்மாவுக்குப் போன் செய்தாள். தப்பு தாளில்தான், எழுதியவள் நான்தான் என்று சுற்றி வளைக்காமல் சொன்னாள். மூன்று கழுத்தையும் மாற்றிக் கொடுங்கள், தாளையும் மாற்றுங்கள், அலமாரியில் உங்கள் இடம் அப்படியே இருக்கட்டும் என்று அந்த அம்மா சொன்னாள். போனை வைத்துவிட்டு அக்கா பெருமூச்சு விட்டாள். "இனிமே இவ பின்னிப் பார்க்கிற கதையே வேண்டாம். இவ கையில குப்பையைக் கொடுத்தாலும் கோபுரமா வரும். கிளிதான் சரி" என்றாள். எனக்குத் தலை சுற்றியது.

அப்போதுதான் என் மனைவிக்கு ஞாபகம் வந்தது. ஊசியை வைத்துவிட்டு, கைப்பையைத் துழாவி, மாடிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அக்கா சொல்லி அனுப்பியதில் இதை மட்டும் வேறு மாதிரி படிக்க அவளால் முடியவில்லை போலிருக்கிறது. சாவி என்றால் சாவிதானே.

அக்கா சாவியைப் பார்த்தாள். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது.

"இதை எதுக்கு எடுத்து வைக்கிறே? சாவி உன்கிட்ட பத்திரமா இருக்கான்னுதானே கேட்டு அனுப்பினேன்?" என்றாள். சொல்லிவிட்டுச் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா கிளி, நான் சொன்னது ஒண்ணு, நீ போய்ச் சொன்னது ஒண்ணா?"

குரல் அதட்டல்தான். கண் அதட்டவில்லை, கெஞ்சியது. அவள் சொன்ன மூன்று வாக்கியமும் இன்னும் என் நாக்கிலேயே இருந்தன, ஒரு எழுத்துக்கூட மாறாமல்.

"ஆமாக்கா," என்றேன். "நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

"கிரேன் ஓட்டுறவன் காது இந்த லட்சணத்துல இருந்தா ஊர் என்னத்துக்கு ஆகும்" என்று அக்கா மூக்கை உறிஞ்சினாள். என் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபடி கண்ணிகளை எண்ணத் தொடங்கினாள்.